சாம்பலில் ஊன்றிய வேர்

கிரேக்க நாட்டின் சான்டோரினி தீவில் இருக்கும் திராட்சைத் தோட்டத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது தோட்டம் என்றே தோன்றாது. பந்தல் இல்லை, கல்தூண் இல்லை, கம்பி இல்லை. வெளிறிய சாம்பல் நிறத் தரையில், ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி, முழங்கால் உயரம்கூட எட்டாத பச்சைப் புதர்கள் சிதறிக் கிடக்கும். அருகே போய் இலையை விலக்கினால்தான் உள்ளே இருப்பது தெரியும். பழைய கொடி வளையம் வளையமாகச் சுற்றிக் கூடையாக முடையப்பட்டிருக்கிறது. அந்தக் கூடையின் வயிற்றுக்குள் திராட்சைக் குலைகள் தொங்குகின்றன. பானை வைக்கும் பிரிமணையைப் பல மடங்கு பெரிதாக்கித் தரையில் போட்டு, அதிலிருந்து இலை துளிர்த்தால் எப்படியிருக்குமோ அப்படி.

இந்தக் கூடைக்குக் ‘குலூரா’ என்று பெயர். கிரேக்கத்தில் வளைய வடிவ ரொட்டிக்கும் இதே சொல்தான். இந்தத் தீவில் ஒயின் தயாராகும் கதை முழுவதையும் இந்தக் கூடையை வைத்தே சொல்லிவிடலாம். காற்று, மண், தண்ணீர், பூச்சி, பழத்தின் புளிப்பு ஆகிய அனைத்தும் இதில் வந்து சேர்கின்றன.

சான்டோரினியின் பழம்பெயர் தேரா. ஏஜியன் கடலில் கிரீட் தீவுக்கு வடக்கே இருக்கிறது. பரப்பளவு சுமார் 75 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 15,000 பேர். பிறை வடிவில் வளைந்த இந்தத் தீவு உண்மையில் ஓர் எரிமலையின் மிச்சம். கிறிஸ்துவுக்கு முன் 1600ஐ ஒட்டிய காலத்தில் அந்த எரிமலை வெடித்தது. மனித வரலாறு கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் அதுவும் ஒன்று. நடுப்பகுதி இடிந்து கடலுக்குள் போனது; விளிம்பு மட்டும் சுமார் 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையாக நின்றது. இன்று சுற்றுலா அட்டைப் படங்களில் வரும் வெள்ளை வீடுகள் அந்த விளிம்பில்தான் தொற்றிக்கொண்டிருக்கின்றன. அதன் மறுபுறம், நிலம் கிழக்கேயும் தெற்கேயும் மெல்லச் சரிந்து கடலைத் தொடும் பக்கத்தில்தான் பெரும்பாலான தோட்டங்கள் இருக்கின்றன. படம் எடுக்க வருபவர்கள் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

வெடிப்புக்கு முன்பும் இங்கே திராட்சை இருந்தது. தீவின் தெற்கே அக்ரோதிரி என்ற இடத்தில், சாம்பலுக்கு அடியில் புதையுண்ட வெண்கலக் கால நகரம் ஒன்றைத் தொல்லியலாளர் ஸ்பிரிடன் மரினாதோஸ் 1967இல் அகழத் தொடங்கினார். இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், சுவரோவியங்கள், தானியமும் எண்ணெயும் ஒயினும் சேமித்த பெரும் சாடிகள் எல்லாம் அங்கே கிடைத்தன. வெடிப்புக்குப் பின் பல தலைமுறைக் காலம் தீவு ஆளற்றுக் கிடந்தது. பிறகு வந்து குடியேறியவர்கள் கண்டது பல மீட்டர் கனத்துக்குச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடிய தரையை. மரம் இல்லை, ஆறு இல்லை. அதில் ஊன்றிப் பிழைத்த மிகச் சில பயிர்களில் திராட்சை முதன்மையானது. சிறிய தக்காளியும், ‘ஃபாவா’ எனப்படும் மஞ்சள் பருப்பும், பார்லியும் அதற்குத் துணையாக இருந்தன.

இந்த மண்ணை ஊர்க்காரர்கள் ‘ஆஸ்பா’ என்கிறார்கள். எரிமலைச் சாம்பல், நுரைக்கல், எரிகுழம்பு இறுகிய துண்டுகள், மணல் எல்லாம் கலந்த கலவை அது. மக்கிய இலைதழை ஏறக்குறைய இல்லை. களிமண்ணும் இல்லை. பொட்டாசியம் சொற்பம். உழவர் கண்ணுக்கு இதைவிட ஏழை மண் வேறு இருக்க முடியாது. ஆனால் இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் ஒயினுக்கு ஒரு குணத்தைத் தந்திருக்கிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

மழை ஆண்டுக்கு 400 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. அதுவும் அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்து ஓய்ந்துவிடும். கொடி துளிர்த்து, பூத்து, காய்த்து, பழுக்கும் மாதங்களில் வானத்திலிருந்து ஒரு சொட்டுகூட வராத ஆண்டுகள் சாதாரணம். அப்படியானால் கொடி எதைக் குடித்து வாழ்கிறது? ஒரு பகுதி, ஆழத்தில் தேங்கிய குளிர்கால ஈரம். மற்றொரு பகுதி, இரவு. கோடை இரவுகளில் கடலிலிருந்து எழும் ஈரக்காற்றும் மூடுபனியும் தரையில் படியும். நுரைக்கல் தன் எண்ணற்ற துளைகளில் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பகலில் வெயில் ஏறும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கைக்கு எடுத்தால் காகிதம்போல் கனமற்ற அந்தக் கல் இந்தத் தோட்டங்களின் ஏரியும் கிணறுமாக இருக்கிறது. பாசனம் என்ற ஏற்பாடு இங்கே மரபில் இருந்ததே இல்லை.

அடுத்தது காற்று. கோடையில் வடக்கிலிருந்து வீசும் ‘மெல்தேமி’ பல நாட்கள் விடாமல் அடிக்கும். மணலை வாரி எறியும், பிஞ்சுத் துளிரை ஒடிக்கும், பூவை உதிர்க்கும். பந்தல் போட்டு ஏற்றிய கொடி ஒரே பருவத்தில் கிழிந்துபோகும். அதனால்தான் கொடி தரையோடு தரையாகக் கூடையாயிற்று. வெளிப்புற இலை கேடயமாக நின்று மணலைத் தாங்கும்; உள்ளே பழம் பத்திரமாக இருக்கும். வெயிலும் குலைமேல் நேராக விழாது. கூடை வடிவம் இரவின் ஈரத்தையும் உள்ளே கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். காற்றினால் ஒரு நன்மையும் உண்டு. இலையில் ஈரம் தங்கவிடாமல் உலர்த்திவிடுவதால் பூஞ்சை நோய்கள் குறைவு. மருந்துத் தெளிப்பும் அந்த அளவுக்குக் குறைவு.

கூடையை முடைவது குளிர்கால வேலை. இலை முழுவதும் உதிர்ந்த பிறகு கவாத்து செய்பவர் ஒவ்வொரு கொடியின் முன்னும் குனிந்து உட்கார்கிறார். சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளில் நல்லதாகச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடுகிறார். வைத்துக்கொண்ட கிளைகளை மெதுவாக வளைத்து, பழைய வளையத்தின் மேல் உள்ளும் வெளியுமாகப் பின்னுகிறார். அவசரப்பட்டால் கிளை முறியும். தளர்வாக விட்டால் கோடைக் காற்று பிரித்துவிடும். எந்தக் கணுவிலிருந்து வரும் துளிர் உள்நோக்கிக் காய்க்கும், எது வெளிநோக்கி இலைவிடும் என்று கணித்துப் பின்ன வேண்டும். ஆண்டுக்கு ஒரு சுற்று என்று கூடை உயர்ந்துகொண்டே போகிறது. இதற்கு இயந்திரம் கிடையாது. அறுவடைக்கும் கிடையாது. தரைமட்டத்தில், கூடைக்குள் கைவிட்டு, ஒவ்வொரு குலையாக அறுக்க வேண்டும். முதுகு ஒடியும் வேலை என்பது இங்கே மிகையான பேச்சன்று.

பல பத்து ஆண்டுகள் ஆனதும் கூடைக்கே ஒரு சிக்கல் வருகிறது. வேர் உறிஞ்சும் நீரும் சத்தும் துளிரை எட்டுவதற்குள், சுருண்டு சுருண்டு நீண்டுவிட்ட பழைய தண்டு முழுவதையும் சுற்றி வர வேண்டியிருக்கிறது. காய்ப்பு குறைகிறது. அப்போது கூடையைத் தரையோடு வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பார்ப்பவருக்குக் கொடியைக் கொன்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அடியில் வேர் உயிரோடிருக்கிறது. அடுத்த பருவங்களில் அதிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். அதை வைத்து மறுபடியும் கூடை தொடங்கும். இப்படி ஒரே வேரின் மேல் பல கூடைகள் வாழ்ந்து முடிந்திருக்கின்றன. தரைக்கு மேலே 50 ஆண்டு, 70 ஆண்டு வயதுள்ள கொடிக்குத் தரைக்கு அடியில் பல நூறு ஆண்டு வேர் இருக்கக்கூடும். பக்கத்தில் ஒரு கொடி பட்டுப்போனால், உயிருள்ள கொடியின் நீண்ட கிளையொன்றை மண்ணுக்குள் வளைத்துப் பதியன் போட்டு அந்த இடத்தை நிரப்புவதும் உண்டு.

இவ்வளவு பழைய வேர் ஐரோப்பாவில் எஞ்சியிருப்பதே ஓர் அதிசயம். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த நாற்றுகளோடு ஃபிலாக்ஸெரா என்ற நுண்ணிய பூச்சி பிரான்ஸில் நுழைந்தது. வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சி அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. மருந்து எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் கண்ட வழி, பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் அடித்தண்டின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவது. இன்று உலகின் மிகப் பெரும்பாலான ஒயின் திராட்சை அப்படி இரவல் வேரில்தான் நிற்கிறது. சான்டோரினியில் அது தேவைப்படவில்லை. களிமண் இல்லாத மணற்பாங்கான சாம்பல் மண்ணில் ஃபிலாக்ஸெராவால் வேரைத் தேடி ஊர்ந்து போய்ப் பெருக முடியாது. ஆகவே இந்தத் தீவின் கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன.

அந்த வேர்களில் விளையும் திராட்சையில் முதலிடம் அசிர்டிகோ என்ற வெள்ளை வகைக்கு. தீவின் சாகுபடிப் பரப்பில் பெரும்பங்கு அதற்கே. அதன் பிறப்பிடம் இந்தத் தீவுதான் என்று கருதப்படுகிறது. வெயில் மிகுந்த நாடுகளில் திராட்சைக்கு ஒரு பொதுக்குறை உண்டு: பழம் இனிக்க இனிக்கப் புளிப்பு கரைந்துபோகும். அப்படிப்பட்ட பழத்தில் எடுத்த ஒயின் சாராய வீச்சத்தோடு மந்தமாக இருக்கும். அசிர்டிகோ இந்த விதியை மீறுகிறது. ஆகஸ்ட் வெயிலில் நன்றாகப் பழுத்து, 14 விழுக்காடு ஆல்கஹால் தரும் அளவுக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் அதன் புளிப்பு மழுங்குவதில்லை.

இதற்கு வகையின் இயல்பு ஒரு காரணம், மண் மற்றொரு காரணம். திராட்சையின் முக்கியப் புளிப்பு டார்டாரிக் அமிலம். நம் சமையலில் சேரும் புளியின் புளிப்பும் அதுவே. மண்ணிலிருந்து பொட்டாசியம் பழத்துக்குள் நிறைய ஏறினால் அது இந்த அமிலத்தோடு சேர்ந்து உப்பாக மாறும், புளிப்பு தணியும். சான்டோரினியின் ஏழை மண்ணில் பொட்டாசியம் குறைவு என்பதால் அமிலம் அப்படியே நிற்கிறது. நல்ல அசிர்டிகோ ஒயினில் பழவாசனை தூக்கலாக இருக்காது. எலுமிச்சைத் தோலின் நெடி, ஈரக்கல்லின் மணம், நாக்கின் ஓரத்தில் லேசான உப்புக்கரிப்பு என்று அது வேறு வழியில் போகிறது. பழம் மணக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வருபவருக்கு முதல் வாயில் இது பிடிபடாமல் போகலாம். மீனோடும் கடல் உணவோடும் பருகும்போது அதன் தகுதி விளங்கும். புளிப்பின் பலத்தால் வெள்ளை ஒயினாக இருந்தும் பத்தாண்டு, அதற்கு மேலும் புட்டியில் நன்றாக முதிரும்.

மற்ற உள்ளூர் வகைகள் அசிர்டிகோவுக்குத் துணை. அய்தானி பூவாசனை தரும் வெள்ளை. அத்தீரி மெல்லிய தோல், புளிப்பு மிதமானது, ரோட்ஸ் தீவிலும் விளைகிறது. இரண்டையும் சிறிதளவு சேர்த்தால் அசிர்டிகோவின் கூர்மை தணியும். கட்சானோ, கைதூரியா என்ற வெள்ளை வகைகள் மிகக் குறைந்த கொடிகளாகவே எஞ்சியிருக்கின்றன. கருந்திராட்சையில் மந்திலாரியா நிறமும் துவர்ப்பும் மிக்கது. மவ்ரோத்ராகனோ கதை தனி. பெயருக்குக் ‘கறுத்து மொறுமொறுப்பானது’ என்று பொருள். சிறு காய், தடித்த தோல், குறைந்த விளைச்சல். அதனால் உழவர்கள் கைவிட, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது மறைந்துபோகும் நிலையில் இருந்தது. பாரிஸ் சிகாலாஸ், ஹரிதிமோஸ் ஹட்சிதாகிஸ் ஆகிய ஒயின் தயாரிப்பாளர்கள் 1990களில் சிதறிக் கிடந்த கொடிகளைத் தேடி எடுத்து மறுபடி வளர்த்தார்கள். இன்று கிரேக்கத்தின் மதிப்புமிக்க சிவப்பு ஒயின்களில் அதுவும் ஒன்று.

அறுவடையைத் தீவில் ‘வெந்தேமா’ என்கிறார்கள். வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில் வந்த இத்தாலியச் சொல் அது. தீவுக்குச் சான்டோரினி என்ற பெயரும் அந்தக் காலத்ததே. புனித ஐரீன் தேவாலயத்தை வைத்து வந்தது. கிரேக்கத்தின் மற்ற பல பகுதிகளில் செப்டம்பரில் நடக்கும் அறுவடை இங்கே ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. விடியலுக்கு முன்பே வேலை தொடங்கும். முன்பெல்லாம் கூடைகளைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோவார்கள்.

பழம் போய்ச் சேரும் இடம் ‘கனாவா’. இறுகிய சாம்பல் பாறையைக் குடைந்து அமைத்த குகைக்கூடம் அது. மரமே இல்லாத தீவில் உத்திரம் வைத்துக் கட்டடம் எழுப்புவதைவிடப் பாறையைக் குடைவது எளிது; குகைக்குள் கோடையிலும் குளிர்ச்சி குறையாது. கனாவாவின் ஓரத்தில் கல்லால் கட்டிய மிதிதொட்டி இருக்கும். குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து அதில் இறங்கிப் பழத்தை மிதிப்பார்கள். சாறு சரிந்து கீழ்த்தொட்டிக்கு வடியும். அங்கிருந்து பீப்பாய்க்குப் போகும். பழத்தோலில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். வேறு எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அடிப்படையில் ஒயின் என்பது அவ்வளவுதான். மற்றவை அனைத்தும் அந்த மாற்றத்தை எவ்வளவு வேகத்தில், எவ்வளவு வெப்பத்தில், எதற்குள் வைத்து நடத்துவது என்ற கேள்விகள்.

மரபில் இந்தத் தீவு மூன்று வகை ஒயின் செய்தது. அன்றாடக் குடிக்கு ‘ப்ரூஸ்கோ’. பல நாட்களாகப் பறித்துச் சேர்ந்த பழம், கறுப்பும் வெள்ளையும் கலந்து, சில நன்றாகப் பழுத்து, சில அரைப்பழமாக, எல்லாவற்றையும் ஒன்றாக மிதித்து எடுப்பது. முரட்டு ஒயின், வீட்டுக்கும் விருந்தாளிக்கும் உரியது. இரண்டாவது ‘நிக்தேரி’. ‘நிக்தா’ என்றால் இரவு. பகலில் பறித்த பழம் வெப்பத்தில் கெடாதிருக்க அன்றிரவே விழித்திருந்து மிதித்து முடித்ததால் வந்த பெயர். நன்றாகப் பழுத்த வெள்ளைத் திராட்சையில் செய்து பீப்பாயில் வைப்பார்கள். இன்றைய விதிப்படி நிக்தேரி என்று பெயரிட வேண்டுமானால் ஆல்கஹால் குறைந்தது 13.5 விழுக்காடு இருக்க வேண்டும். மூன்று மாதமாவது பீப்பாயில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ‘வின்சாண்டோ’. தீவின் பெருமை இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் தாமதமாகப் பறித்த அசிர்டிகோவையும் அய்தானியையும் அத்தீரியையும் மொட்டைமாடியிலும் களத்துமேட்டிலும் வெயிலில் பரப்பிவிடுகிறார்கள். நம் ஊரில் வடகமும் வற்றலும் காய்வதுபோல் பத்து நாள், இரண்டு வாரம் அவை காய்கின்றன. அவ்வப்போது குலைகளைப் புரட்டிப் போட வேண்டும். நீர் வற்றிப் பழம் சுருங்கி ஏறக்குறைய உலர்திராட்சையாகும்போது சர்க்கரையும் புளிப்பும் மணமும் செறிகின்றன. அதைப் பிழிந்தால் வருவது தேன்போல் தடித்த கொஞ்சம் சாறு. ஒரு புட்டி வின்சாண்டோவுக்குப் பல கிலோ பழம் போகும்.

அந்தச் சாற்றில் நொதித்தல் மிக மெதுவாக நடக்கும். சர்க்கரை அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் ஈஸ்ட் திணறித் திணறி வேலை செய்து, சர்க்கரை முழுவதும் தீருவதற்கு முன்பே ஓய்ந்துவிடும். மிஞ்சிய இனிப்பு ஒயினிலேயே தங்கும். பிறகு பீப்பாய் வாசம். சட்டம் கேட்பது குறைந்தது இரண்டு ஆண்டு. பல வீடுகள் பத்து, இருபது ஆண்டு வைத்திருக்கின்றன. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று மெல்லப் புகுந்து, பொன்னிறத்தில் தொடங்கிய ஒயினைப் பனைவெல்லப் பாகின் நிறத்துக்குக் கொண்டுபோகும். காய்ந்த அத்திப்பழம், காப்பி, ஆரஞ்சுத் தோல், கருகிய சர்க்கரை என மணங்கள் அடுக்கடுக்காக எழும். இனிப்பு இவ்வளவு இருந்தும் திகட்டாததற்குக் காரணம் அசிர்டிகோவின் அதே புளிப்பு. இத்தாலியின் டஸ்கனியிலும் ‘வின் சாண்டோ’ என்று இரு சொல்லாக எழுதும் இனிப்பு ஒயின் உண்டு. ஒரே சொல்லாக எழுதும் வின்சாண்டோ ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் சான்டோரினிக்கு உரிய பாதுகாக்கப்பட்ட பெயர்.

சர்க்கரையும் ஆல்கஹாலும் மிகுந்த ஒயின் நீண்ட கடற்பயணத்தில் கெடாது. வெனிஸ்காரர்கள் அதை ஏற்றுமதிச் சரக்காக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் தீவு ஒட்டோமான் ஆட்சிக்குப் போன பிறகும் வணிகம் நின்றுவிடவில்லை. பிற்பாடு பெரிய வாடிக்கையாளராக வந்தது ரஷ்யா. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் திருவிருந்துக்கு இனிப்பு ஒயின் வேண்டியிருந்தது. சான்டோரினிக் கப்பல்கள் கருங்கடலின் ஒடெஸா துறைமுகத்துக்குப் பீப்பாய்களைக் கொண்டுபோய்த் தானியமும் மரமும் ஏற்றி வந்தன. தீவுக்காரர்களின் பீப்பாய் மரமே அப்படி வந்ததுதான். 1917 ரஷ்யப் புரட்சியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது.

அதைவிடப் பெரிய அடி 1956 ஜூலை 9ஆம் தேதி விழுந்தது. ரிக்டர் அளவில் 7க்கு மேற்பட்ட நிலநடுக்கமும் அதன் பின் எழுந்த கடற்கோளும் ஏஜியன் தீவுகளை உலுக்கின. சான்டோரினியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏராளமான வீடுகளும் கனாவாக்களும் இடிந்தன. பலர் ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். மேட்டு நிலங்களில் கற்சுவர் எழுப்பி அமைத்த அடுக்குத் தோட்டங்கள் பல அப்போதிலிருந்து கவனிப்பாரின்றிப் போயின. 1947இல் தொடங்கிய உழவர் கூட்டுறவுச் சங்கம் எஞ்சியவர்களின் பழத்தை வாங்கி ஒயினாக்கி விற்று, தொழில் அறுந்துபோகாமல் பிடித்துவைத்தது. 1971இல் கிரேக்க அரசு பிறப்பிடப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தபோது சான்டோரினியும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

புது வாழ்வு 1980களின் இறுதியில் வந்தது. வடகிரேக்கத்திலிருந்து வந்த பூதாரி நிறுவனம் 1989இல் மெகலோஹோரி கிராமத்தில் நவீன ஒயின் ஆலை ஒன்றைத் திறந்தது. எஃகுக் கலன்களும் குளிரூட்டும் வசதியும் தீவுக்கு வந்தன. நொதித்தல் தானாகச் சூடேறும் செயல்; கட்டுப்படுத்தாவிட்டால் மென்மையான மணங்கள் ஆவியாகும், நிறம் பழுப்பேறும். குளிரில் மெதுவாக நொதிக்கவிட்டபோதுதான் அசிர்டிகோவின் தூய்மை முதன்முறையாக முழுதும் வெளிப்பட்டது. கூடவே பழத்தைக் கொஞ்சம் முன்னதாகப் பறிக்கும் வழக்கமும் வந்து, புளிப்பு இன்னும் கூர்மையாயிற்று. 1991இல் சிகாலாஸ் தொடங்கிய ஆலையும், கையா நிறுவனம் 1994இல் வெளியிட்ட ‘தலாசிதிஸ்’ ஒயினும் வெளியுலகின் கவனத்தை ஈர்த்தன. 1903 முதல் தொழிலில் இருக்கும் ஆர்கிரோஸ் குடும்பம் பழைய வின்சாண்டோவுக்குப் பெயர்பெற்றது. ஹட்சிதாகிஸ் இயற்கை முறைச் சாகுபடியிலும் தோட்டத்தின் சொந்த ஈஸ்ட்டிலும் பிடிவாதமாக நின்று, 2017இல் இறக்கும்வரை மற்றவர்களுக்கு அளவுகோலாக இருந்தார்.

இன்று பல ஆலைகள் ஒரே தோட்டத்துப் பழத்தைத் தனியாக ஒயினாக்குகின்றன. சில, நொதித்து அடங்கிய ஈஸ்ட் வண்டலின் மேலேயே ஒயினை மாதக்கணக்கில் வைத்து அதற்கு உடற்கட்டு ஏற்றுகின்றன. பழைய கூடை வளர்ப்பும் புதிய எஃகுக் கலனும் ஒன்றோடொன்று மோதவில்லை. வேர் செய்ததை ஆலை கெடுக்காமல் புட்டிக்குக் கொண்டுசேர்க்கக் கற்றுக்கொண்டது என்பதே சரி.

அசிர்டிகோ தீவை விட்டு வெளியேயும் போயிருக்கிறது. கிரேக்க நிலப்பகுதியில் அது பரவலாக விளைகிறது. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ஜிம் பாரி நிறுவனம் சான்டோரினியிலிருந்து கொண்டுபோன தண்டுகளை நட்டு, 2016 விளைச்சலிலிருந்து ஒயின் விற்கிறது. புவி சூடாகும் காலத்தில் வெயிலிலும் புளிப்புக் குறையாத திராட்சைக்கு எங்கும் மதிப்பு உண்டு. ஆனால் கொடியை எடுத்துச் செல்லலாம், சாம்பலை எடுத்துச் செல்ல முடியாது. வேறு மண்ணில் விளைந்த அசிர்டிகோ நன்றாகத்தான் இருக்கிறது. அதில் பழவாசனை கூடி, அந்தக் கல்மணமும் உப்புக்கரிப்பும் மங்குகின்றன.

உலகம் அசிர்டிகோவைத் தேடும் இந்த நேரத்தில் அதன் தாய்நிலம் சுருங்கிவருவதுதான் வருத்தத்துக்குரியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் இருந்த தோட்டப் பரப்பில் இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏறத்தாழ 1,000 ஹெக்டேர் எஞ்சியிருக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வரும் தீவில் ஒரு துண்டு நிலத்தில் விடுதி கட்டினால் கிடைக்கும் பணத்தைத் திராட்சை ஒருநாளும் தராது. நல்ல ஆண்டிலேயே பல தோட்டங்களில் ஹெக்டேருக்கு மூன்று டன் பழம் தேறாது. அறுவடை ஆகஸ்டில் வருகிறது. சுற்றுலாவின் உச்சமும் அதே ஆகஸ்ட். வெயிலில் குனிந்து குலையறுக்க ஆள் கிடைப்பதில்லை. தீவின் திராட்சை விலை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல மடங்கு உயர்ந்து, கிரேக்கத்திலேயே மிக அதிகமாக நிற்கிறது. அப்படியும் இளைஞர்கள் தோட்டத்துக்குத் திரும்புவது குறைவு. கூடை முடையத் தெரிந்த கைகளில் பெரும்பாலானவை முதியவர்களுடையவை.

வானிலையும் துணைநிற்கவில்லை. குளிர்கால மழை பொய்த்து, வசந்தத்தில் சூறைக்காற்று வீசி, கோடையில் அனல் அடித்து, 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் விளைச்சல் மிக மோசமாக வீழ்ந்தது. தண்ணீரே காட்டாமல் வளர்த்த கொடிகளுக்குச் சொட்டுநீர் தர வேண்டுமா என்ற விவாதம் இப்போது நடக்கிறது. சில புதுத் தோட்டங்களில் கொடிகளை வரிசையாக நட்டு, தாழ்ந்த கம்பியில் ஏற்றிப் பார்க்கிறார்கள். வேலை எளிது, விளைச்சலும் கூடுதல் என்கிறார்கள் ஒரு சாரார். காற்றையும் வறட்சியையும் இவ்வளவு காலம் தாங்கிக் காட்டியது கூடைதான் என்கிறார்கள் மறுசாரார். இரண்டையும் அடுத்தடுத்த நிலத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நேர்மையான வழி. பழைய வேர்களைப் பிடுங்கிவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதால் அந்த ஒப்பீடு புது நடவில்தான் நடக்க வேண்டும்.

2025 தொடக்கத்தில் தீவைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்து ஏற்பட்டன. பிப்ரவரியில் 10,000க்கும் மேற்பட்டோர் படகிலும் விமானத்திலும் தற்காலிகமாக வெளியேறினார்கள். பள்ளிகள் மூடப்பட்டன. கொடிகளுக்கு அது கவாத்துப் பருவம். சென்ற ஆண்டுக் கிளைகள் வளையத்துக்குள் வளைக்கப்படும் வாரங்கள். நடுக்கம் அடங்கி மக்கள் திரும்பிய பிறகு, வசந்தத்தில், அந்தக் கூடைகளின் விளிம்பில் அசிர்டிகோ மீண்டும் துளிர்த்தது.